கால் கிலோ பீன்ஸ், நாலு பேர்

"தினமும் காய் சாப்பிடுறேன் மேடம். பொரியல் இல்லாம எங்க வீட்ல சாப்பாடே கிடையாது."

சர்க்கரைக்கு உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பலரும் இதைச் சொல்வார்கள். பொய்யில்லை. அடுத்து நான் கேட்பது, "ஒரு வேளைக்கு எவ்வளவு காய் வாங்குவீங்க?" பெரும்பாலும் வரும் பதில்: "கால் கிலோ."

கால் கிலோ பீன்ஸில் காம்பும் நாரும் போனால் 230 கிராம் தேறலாம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 60 கிராம்கூட இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்குக் கீரையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 400 கிராம் காய்கறி என்கிறது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காயைச் சேர்த்துக்கொண்டாலும் பாதிக் கிணறு தாண்டவில்லை. அந்த 60 கிராமும் எல்லோருக்கும் சமமாகப் போவதில்லை. பிள்ளைகளுக்கு டப்பாவில் கட்டி, வீட்டுக்காரருக்குப் பரிமாறி, கடைசியில் வாணலியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார் சமைத்தவர். ரத்தசோகை என்று என்னிடம் வருவதும் அவர்தான்.

உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் எழுதுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளைக் காய்கறியோடு சேர்ப்பதே இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளை என்றால், சோற்றுக்குச் சோறே துணை.

அளவைக் கூட்டச் சொன்னால் "எண்ணெய் கூடுமே" என்று தயங்குகிறார்கள். பெயர்தான் பொரியல், பொரிக்க வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டில் துவரன், யாழ்ப்பாணத்தில் வறை என்று பெயரும் பக்குவமும் கொஞ்சம் மாறும். எண்ணெய் தாளிப்பதற்கு மட்டும் போதும். காய் ஆவியில் வெந்துவிடும்.

யாருக்கும் பிடிக்காத கொத்தவரங்காயையே எடுத்துக்கொள்வோம். அரை கிலோ. ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிற பிஞ்சாகப் பொறுக்குங்கள்; முற்றினால் நாரும் கசப்பும் கூடும். கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கியதைத் தண்ணீரில் அலசினால் சி, பி வகை வைட்டமின்கள் கொஞ்சம் கரைந்து போகும். கசப்புப் போக வேகவைத்து நீரை வடிக்கிற வழக்கத்திலும் அதே நஷ்டம்தான். பிஞ்சாக வாங்கினால் வடிக்கவே வேண்டாம்.

ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை இருபது நிமிடம் ஊறவையுங்கள். வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய். டீஸ்பூனால்தான், கேனிலிருந்து நேராக அல்ல. ஒரு டீஸ்பூனில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. கை போன போக்கில் ஊற்றினால் சுலபமாக ஏழெட்டு டீஸ்பூன் இறங்கிவிடும். கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். உளுந்து சிவந்ததும் காயும் ஊறிய பருப்பும் மஞ்சள்தூளும். அரை டம்ளர் தண்ணீர் தெளித்து மூடி, மிதமான தீயில் பன்னிரண்டு நிமிடம் போல. நடுவில் ஒருமுறை கிளறி, அடிப்பிடித்தால் இன்னொரு கை நீர் தெளிக்கலாம். குக்கர் விசில் வேண்டாம், குழைந்துவிடும்.

உப்பைக் கடைசியில் போடச் சொல்வேன். முட்டைக்கோஸும் கீரையும் வாணலியில் மலைபோல் நிற்கும்போது கண் அளவுக்கு உப்புப் போட்டால், வதங்கிச் சுருங்கியபின் கரிக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இந்த ஒரு பழக்கம் மாறினாலே உப்பு கணிசமாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். கொழுப்பு என்று பயந்து தேங்காயை அடியோடு விட்டவர்கள் பொரியலையே வெறுத்து அப்பளத்துக்குத் தாவுவதைத்தான் கண்டிருக்கிறேன். நாலு பேருக்குப் பிரிந்தால் அது ஆளுக்கு அரைக் கரண்டி. கேரட் போன்ற காய்களில் இருக்கும், வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் என்ற சத்து உடலில் சேர கொஞ்சம் கொழுப்பு தேவையும்கூட.

இறக்கியதும் சமைத்தவரின் பங்கை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு உணவுச் சீட்டிலும் எழுதித்தான் தருகிறேன்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால், காயை நிறைய நீரில் வேகவைத்து வடித்துச் சாப்பிடும்படி மருத்துவர் சொல்லியிருப்பார். அவர்கள் வடிக்கத்தான் வேண்டும். காயின் அளவையும் அவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.