சோறு இறங்காவிட்டால் அது ‘கேஸ்’ இல்லை

மறுபடியும் அதே கதை. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்து அம்மா ஒருவர். சோறு நெஞ்சில் நிற்கிறது என்று மாதக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். பாமசியில் கேஸ் மாத்திரை, வீட்டில் இஞ்சியும் உள்ளியும் அவித்த தண்ணி. சோறு குழைசோறாகி, குழைசோறு கஞ்சியாகி, கடைசியில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பத் தொடங்கிய பிறகுதான் கூட்டி வந்தார்கள். “வயசு போனா அப்படித்தானே டொக்டர்” என்கிறார் மகள். இல்லை பிள்ளை. வயது போனால் பசி குறையலாம், சாப்பாடு வழியில் நிற்காது.

கேஸ் என்றால் வயிறு ஊதும், ஏப்பம் வரும். அது பிட்டை மறிக்காது. எத்தனை ஏப்பம் விட்டாலும் அடைத்த பிட்டு கீழே போகாது. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தசைக்குழாய். அதன் வழி சுமார் 13 மில்லிமீட்டருக்கு ஒடுங்கும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே கட்டியோ தழும்போ இருந்தால், முதல் தடவை சோறு அடைக்கும்போதே உள்ளே காரியம் பாதி நடந்துவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை எரிவைக் குறைக்கும், “இப்ப பரவாயில்லை” என்று தோன்றும், ஒடுக்கம் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். (எங்கள் டொக்டர்மாரிலும் சிலர் எதற்கும் அதையே மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.) தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டுகிறார்கள் என்று தொண்டையை மட்டும் பார்ப்பதும் பிழை, அடைப்பு வயிற்றுக்கு அருகில் இருந்தாலும் விரல் அங்கேதான் போகும்.

நான் முதலில் கேட்பது, எது முதலில் அடைத்தது என்றுதான். சோறு, இறைச்சி, பிறகு கஞ்சி என்று வரிசையாக வந்தால் ஒடுக்கம். தொடக்கத்திலேயே சோறும் தண்ணியும் சேர்ந்து நின்றால் குழாயின் அசைவில் கோளாறு. குழாயின் அடிவாய் தளர்ந்து திறக்காத அக்கலேசியா அதில் ஒன்று. படுத்தால் பழைய சாப்பாடு வாய்க்கு வரும், இரவில் இருமல் வரும், சிலர் இதற்கு ஆஸ்துமா மருந்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாயின் அடி குருவி அலகுபோலக் கூர்ந்து தெரியும். பலூனால் விரிக்கலாம், தசையை வெட்டி விடலாம், நன்றாகவே சாப்பிடுவார்கள். அமிலம் சுட்ட தழும்பையும் விரிக்கலாம். இரும்புச்சத்து இல்லாத பெண்களுக்கு மேல்குழாயில் மெல்லிய சவ்வு வளர்வதுண்டு, அதற்கு விரிப்பதோடு இரும்பு மாத்திரை. புற்றுநோய் என்றாலும் நேரத்துக்கு வந்தால் சத்திரசிகிச்சைக்கு இடமிருக்கிறது. பிந்தி வந்தவருக்கு ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்து விழுங்க வழி செய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம்.

எண்டோஸ்கோபி, அதாவது கமரா உள்ள மெல்லிய குழாயை வாய்வழி விட்டுப் பார்ப்பது, என்றால் பயம். தொண்டைக்கு மரக்கச் செய்யும் ஸ்பிரே அடித்துச் சில நிமிடம், அவ்வளவுதான். சோதனைக்குச் சிறு சதைத் துண்டு எடுப்பது வலிக்காது. துண்டு எடுத்தால் புற்று பரவும் என்று சொல்லும் மாமாவை வாசலிலேயே நிறுத்துங்கள்.

வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயை மட்டும் கெடுப்பதில்லை, உணவுக்குழாயையும் சேர்த்துத்தான். அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

வயல் வட்டையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. எலிக்காய்ச்சல் வராமல் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையைப் படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணியில் விழுங்காதீர்கள். அது குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கவே அழுவீர்கள். சாப்பிட்ட பிறகு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். புண் வரும் என்று பயந்து குளிசையை விடவும் வேண்டாம். எலிக்காய்ச்சல் ஆளைக் கொல்லும்.

இரண்டு கிழமைக்கு மேல் சோறு தடங்கினால் வைத்தியரிடம் வாருங்கள். அதோடு மெலிந்தாலோ இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ அந்த இரண்டு கிழமையும் காத்திருக்காமல் வாருங்கள். இறைச்சித் துண்டு அடைத்துத் துப்பலும் இறங்காவிட்டால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. எண்டோஸ்கோபி அன்று வெறும் வயிற்றோடு வாருங்கள். “ஒரு வாய் தேத்தண்ணிதானே குடிச்சன்” என்று வந்தால் திருப்பித்தான் அனுப்புவோம், கோபிக்கக்கூடாது.