மூக்குக்கண்ணாடி கவசம் ஆகாது

வீட்டுச் சுவரில் அலமாரி மாட்டுவதற்காகக் கான்கிரீட் ஆணி அடித்த ஒருவர், அப்போது கண்ணில் ஏதோ பட்டதுபோல் இருந்ததென்றும், கழுவியதும் சரியாகிவிட்டதென்றும், சில நாள் கழித்துப் பார்வை மங்கியதால் வந்திருப்பதாகவும் கூறினார். ஆணியிலிருந்து தெறித்த எஃகுச் சில்லு அவருடைய கருவிழியைத் துளைத்து, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைக் கடந்து, விழித்திரையில் பதிந்திருந்தது. ‘கண்ணாடி போட்டுக்கொண்டுதானே டாக்டர் வேலை செய்தேன்?’ என்றார். கண் மருத்துவர்களாகிய நாங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இது.

பார்வைக் குறைபாட்டுக்காக அணியும் கண்ணாடி, எழுத்துகளைத் தெளிவாகக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, பறந்து வரும் சில்லைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் பக்கவாட்டில் திறப்பு இருக்கிறது. மேலேயும் கீழேயும் இடைவெளி இருக்கிறது. அண்ணாந்து நின்று கூரையில் துளையிடும்போது விழும் தூள் அந்த மேல் இடைவெளி வழியாக நேரே கண்ணுக்குள்தான் போகும். நடு வயதைக் கடந்தவர்கள் படிக்கும் கண்ணாடியை மூக்கின் நுனிவரை இறக்கிவிட்டுக்கொண்டு அதையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்வது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. வேகமான சில்லு மோதினால் சாதாரண லென்ஸ் உடையலாம், உடைந்த துண்டே கண்ணைக் கிழிக்கலாம். லென்ஸ் உடையாத பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனதென்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் சாதாரணச் சட்டகம் அந்த மோதலைத் தாங்கும்படி அமைக்கப்படாததால், லென்ஸ் முழுதாகவே கழன்று கண்ணை நோக்கித் தள்ளப்படக்கூடும். குளிர்கண்ணாடிக்கும் இவையனைத்தும் பொருந்தும்.

‘இசட் 87+’ அல்லது ‘ஈஎன் 166’ என்ற கண் பாதுகாப்புத் தரக் குறி பொறித்த, பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்குங்கள். உங்கள் வழக்கமான கண்ணாடியின் மேலேயே போட்டுக்கொள்ளும் வகைகளும் கிடைக்கின்றன. உலோகத்தை வெட்டவும் தேய்க்கவும் உதவும் கை கிரைண்டரின் சிறிய வட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல்கூடச் சுழலும்; ஆகையால் அந்த வேலைக்கு முகம் முழுவதையும் மூடும் கவசமும் வேண்டும், அதுவும் பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பதிலாக அன்று, அதற்கு மேலாக. பெரிய வட்டைப் பொருத்துவதற்காகக் கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் கண் இருக்கிறது. அவருக்கும் ஒன்று வாங்குங்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

வலி இல்லை என்பதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவது அடுத்த பிழை. மிக வேகமாக நுழையும் சிறு சில்லு உண்டாக்கும் காயம் தானாகவே மூடிக்கொள்ளக்கூடும். விழித்திரைக்கு வலி தெரியாது. முதல் நாளில் பார்வைகூடத் தெளிவாக இருக்கலாம். உள்ளே தங்கிய இரும்பு மெல்லக் கரைந்து, வாரங்களிலோ மாதங்களிலோ விழித்திரையைப் பாழாக்கும். என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், சுத்தியலா, கிரைண்டரா என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பது வம்புக்காக அன்று. கண்ணுக்குள் இரும்பு இருப்பது தெரியாமல் எம்ஆர்ஐ எடுத்தால், அதன் காந்தப்புலம் அந்தச் சில்லை நகர்த்திவிடக்கூடும். எனவே இரும்போடு இரும்பு மோதிய வேலை என்றால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்பும் சிமென்ட்டும் வேறு வகை ஆபத்து. காரப்பொருள்கள் அமிலங்களைவிட ஆழமாகக் கண்ணுக்குள் ஊடுருவும் என்பதால், இங்கே மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் கழுவ வேண்டும்: கையெட்டும் தூரத்தில் உள்ள சுத்தமான நீரால், இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 30 நிமிடங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றி எங்கள் வேலையை இரட்டிப்பாக்காதீர்கள். அதன் பிறகு, எரிச்சல் குறைந்திருந்தாலும், வந்து காட்டுங்கள்.

கண் துளைபட்டதாகவோ கிழிந்ததாகவோ தோன்றினால் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். காகிதக் குவளையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணின் மேல் அழுத்தம் படாமல் சுற்றியுள்ள எலும்பில் அமரும்படி வைத்து ஒட்டிக்கொண்டு உடனே புறப்படுங்கள். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய நேரலாம் என்பதால் வழியில் எதுவும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் தொற்றை வளர்த்துவிடும்.

வேலை முடிந்தவுடன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொள்பவர்களும் எங்களிடம் வருகிறார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் படிந்த உலோகத் தூள் அப்போதுதான் கண்ணில் விழுகிறது. முதலில் கையைக் கழுவி, தலையை முன்னால் குனிந்து முடியையும் புருவத்தையும் தட்டிவிட்டு, கண்களை மூடிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றுங்கள்.