ஓடிப் பழகிய கால் நீரில் இழுக்கிறது

ஹட்டன் பக்கத்து ஆசிரியர் ஒருவர், வயது 46, வலது தோளைப் பிடித்தபடி என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். தோட்டத்து ஏற்றப் பாதையில் தினமும் காலையில் ஓடுகிறவர். ஞாயிறு தோறும் கண்டிக்கு பஸ் ஏறிப்போய் நீந்துவார். வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் 100 மீற்றர் பிறீஸ்டைல் அவருடைய போட்டி. 25 மீற்றர் தடாகத்தில் அது நான்கு நீளம். "மூணாவது நீளத்திலேயே மூச்சு முடிஞ்சிருதுங்க மிஸ். இன்னும் கூடுதலா ஓடணுமா?" என்று கேட்டார்.

ஓட்டம் போதும் என்றேன். தரையில் அவருடைய மூச்சு அருமையாகவே இருந்தது.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் 10 சதவீதம் வேகமாகப் போக, மூன்றில் ஒரு பங்கு வலு கூடுதலாகத் தேவைப்படும். இருபது வயதுப் பையன் அதை எப்படியாவது திரட்டிவிடுவான். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் நீரின் தடையைக் குறைக்கப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவரை முழந்தாளிட்டு, பாதத்தின் மேற்புறம் பாயில் படியும்படி குதிகால்மேல் உட்காரச் சொன்னேன். முடியவில்லை. கணுக்கால் வளையாமல் பாயைவிட்டு மேலே நின்றது. ஓடியும் மலை ஏறியும் பழகியவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். நீட்ட முடியாத பாதம் தண்ணீருக்குள் கொக்கி மாதிரித் தொங்கும். உதைக்க உதைக்க ஆளைப் பின்னுக்கு இழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டாம். கதிரையில் இருந்துகொண்டு கையால் பாதத்தை மெல்ல நீட்டிப் பழகலாம்.

மூச்சுக்கு வருகிறேன். முகம் நீருக்குள் இருக்கும்போது அவர் மூச்சை அடக்கிவைத்திருந்தார். அப்படிச் செய்தால் காபனீரொட்சைட்டு உடலில் தேங்கி மூச்சு முட்டும். உடனே தலையைத் தூக்குவார். தலை எழுந்தால் இடுப்பும் காலும் தாழும், தடை இன்னும் ஏறும். நீருக்குள்ளேயே தொடர்ந்து காற்றை ஊதிவிட்டு, தலையைத் தூக்காமல் உடம்போடு பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும்.

அப்படித் திரும்ப மேல்முதுகு இளகியிருக்க வேண்டுமே! பல வருடம் குனிந்து கொப்பி திருத்திய முதுகு திரும்ப மறுத்தது. முதுகு செய்யாத வேலையைத் தோள்மூட்டு செய்தது. கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. தோளின் தசைநாண்கள் நசுங்கிப் புண்படுவது இப்படித்தான். அதிலும் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஞாயிறு ஒரே மூச்சில் இரண்டு மூன்று கிலோமீற்றர் நீந்துவது தோளுக்குக் கொடுமை. மலையகத்தில் தடாகம் அருகில் இல்லாதவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அவருக்குக் கொடுத்தது வீட்டுவேலைதான்: தினமும் பத்து நிமிடம் மேல்முதுகைத் திருப்புதல், முழங்கையை விலாவோடு வைத்து இறப்பர் பட்டியை வெளிப்பக்கம் இழுத்தல், கணுக்கால் நீட்டல். ஞாயிறு தூரத்தைப் பாதியாக்கி, 25 மீற்றருக்கு எத்தனை கை போடுகிறார் என்று எண்ணச் சொன்னேன். தொடக்கத்தில் 27. பத்து வாரத்தில் 22. மூன்றாவது நீளம் இப்போது அவரைப் பயமுறுத்துவதில்லை.

நாற்பதுக்கு மேல் போட்டிக்குத் தயாராகிறவர்கள் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் உடனே கரையேறி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாதபடி இரவில் தோள் வலித்தால், நீந்தித் தேய்த்துச் சரிக்கட்டலாம் என்று நினைக்காமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.