ராஜபார்ட் – சொல் விளக்கம்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்துச் சுவர்களில் நாடக நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். மேலே சாமி படம், கோயில் பெயர், நாடகத்தின் பெயர். அதற்குக் கீழே நடிகர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் ஊர்ப்பெயர், பக்கத்தில் அவருடைய இடம்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியப் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை வாசிப்பவர்). இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை ஓடும் ஒரு நாடகத்தின் மொத்தக் குழுவும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடுகிறது. இந்த வரிசையில் முதலில் நிற்கும் சொல்லைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

ராஜபார்ட் என்பது இசை நாடகத்தில் தலைமை ஆண் வேடத்தைக் குறிக்கும். அந்த வேடத்தைக் கட்டும் கலைஞரையும் குறிக்கும். 'அவர் ராஜபார்ட் கட்டுகிறார்' என்றும் சொல்வார்கள், 'அவர் ராஜபார்ட்' என்றும் சொல்வார்கள். இரண்டாவது வழக்குதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. ஒருவர் வாழ்நாள் முழுக்க ராஜபார்ட்டாகவே இருப்பார். இன்றைக்கு வேலன், நாளைக்குக் கோவலன், மறுநாள் அரிச்சந்திரன் என்று பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கும், இடம் மாறாது. பேச்சு வழக்கில் மிடுக்காக உடுத்தி வருகிறவரை 'ராஜபார்ட் மாதிரி வர்றாரு' என்று சொல்வதும் உண்டு.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். முன்பாதி வடமொழி 'ராஜா'. பின்பாதி ஆங்கிலத்திலிருந்து வந்த 'பார்ட்'. இரண்டையும் ஒட்டியது தமிழ் நாடகக்காரர்களின் வாய். ஆங்கில நாடக உலகில் இப்படி ஒரு கூட்டுச்சொல் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் தெற்கே வந்து போன பிறகு, தமிழ் மேடை தெருவிலிருந்தும் களத்திலிருந்தும் கொட்டகைக்குள் நுழைந்தது. திரை, சீன், டிக்கெட், கம்பெனி என்று தொழிலுக்கான சொற்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. 'பார்ட்' அந்தக் கூட்டத்தோடு வந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் பங்கு, பகுதி. பழைய ஆங்கில மேடையில் முழு நாடகத்தையும் எல்லா நடிகருக்கும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அவரவர் பேச வேண்டிய வரிகளும், அதற்கு முன்னால் காதில் விழ வேண்டிய கடைசிச் சில சொற்களும் மட்டும் தனித் தாளில் எழுதித் தரப்படும். அந்தத் தாளுக்குப் பெயர்தான் 'பார்ட்'. தாளின் பெயர் பிறகு வேடத்தின் பெயர் ஆயிற்று. தமிழ்க் கம்பெனிகளில் இந்தத் தாளின் இடத்தில் இருந்தது 'பாடம்'. வாத்தியார் சொல்லிக் கொடுப்பார், பையன்கள் நெட்டுருப் போடுவார்கள்.

தமிழில் 'பார்ட்' தனியாக நிற்கவில்லை, ஒரு குடும்பமாகப் பெருகியது. ஸ்திரீபார்ட் தலைமைப் பெண் வேடம். கள்ளபார்ட் திருடன் வேடம். துள்ளலும் ஆட்டமும் நிறைந்தது. பின்னாளில் திரைப்படங்களில் நடித்த கள்ளபார்ட் நடராஜன் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது. பெயர்பெற்ற நடிகராக இருந்தால் 'அயன் ராஜபார்ட்', 'அயன் ஸ்திரீபார்ட்' என்பார்கள். இந்த 'அயன்' நம் ஊர் வருவாய்க் கணக்குகளில் 'அயன் நிலம்', 'அயன் புஞ்சை' என்று வருகிற அதே அரபுச் சொல்தான். அசல், முதல்தரம் என்ற பொருளில் மேடைக்கு வந்தது. ஆக 'அயன் ராஜபார்ட்' என்ற இரண்டு சொல்லுக்குள் அரபு, வடமொழி, ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. மூன்று மொழிக்காரர்களிடமும் சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் புரியாது. தமிழனுக்கு மட்டும் புரியும்.

எழுத்து பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கிராமத்துப் பேச்சில் இது 'ராசாபாட்டு' என்று ஒலிக்கும். ராஜபார்ட்டுக்கு உயிரே பாட்டுதான் என்பதால் அந்த ஒலிப்பு பொருத்தமாகவே படுகிறது, ஆனால் சொல்லின் பிறப்பு அது அல்ல. 'ராஜபாட்டை' முற்றிலும் வேறு சொல். பாட்டை என்றால் வழி. ராஜபாட்டை என்றால் பெருவழி. இரண்டையும் குழப்பி எழுதுவதை அச்சிலேயே பார்க்க முடிகிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். 'ராஜா வேஷம் போடுபவர்' என்று பல இடங்களில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இசை நாடகத்தில் அதிகம் நடிக்கப்படும் வள்ளி திருமணத்தில் ராஜபார்ட் கட்டுவது முருகன் வேடம். அவரும் வேடனாகவும் கிழவனாகவும்தான் பெரும்பகுதி மேடையில் நிற்கிறார். கோவலன் வணிகர் வீட்டுப் பிள்ளை. அரிச்சந்திரன் அரசன்தான், ஆனால் அந்த நாடகத்தின் உச்சம் மயான காண்டம். அங்கே அவர் கையில் செங்கோல் கிடையாது, பிணம் சுடும் கோல்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி.வி. வைரமுத்து புகழ்பெற்றதும் அந்த மயான காண்டத்து அரிச்சந்திரனால்தான். ஆகவே 'ராஜ' என்பது இங்கே அரசனைச் சுட்டவில்லை, தலைமையைச் சுட்டுகிறது.

அந்தத் தலைமை எதனால் வருகிறது என்று பார்த்தால்தான் சொல்லின் எடை புரியும். ஸ்பெஷல் நாடகம் என்று நாம் சொல்லும் வடிவத்தில் ஒத்திகை இல்லை. நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊரிலிருந்து தன் பெட்டியோடு வந்து இறங்குவார். உடையும் ஒப்பனைச் சாமானும் அவரவர் சொந்தம். மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆனாலும் நாடகம் விடியும்வரை தடையில்லாமல் ஓடுகிறது. காரணம், எல்லார் மனதிலும் ஒரே பாடம் இருக்கிறது: சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த பாடம். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த அவர், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். அவருடைய உரையாடலும் பாடல்களும்தான் இன்றும் இந்த மேடையின் பொதுச்சொத்து. நோட்டீஸில் இயக்குநர் என்று ஒரு பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம். வாத்தியார் போய் நூறு ஆண்டு கடந்தும் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பாடத்தை இரவு முழுக்க எப்படி நீட்டுவது, எங்கே சுருக்குவது என்ற பொறுப்பில் பெரும்பங்கு ராஜபார்ட்டின் தலையில் விழுகிறது. வள்ளி திருமணத்தில் முதலில் பபூன் வருவார், பிறகு பபூனும் டான்ஸும் சேர்ந்து கூட்டத்தைப் பிடித்து உட்கார வைப்பார்கள். வள்ளி வந்து, நாரதர் வந்து போன பிறகுதான் வேலன் வருவார். அதற்குள் நள்ளிரவு தாண்டியிருக்கும். தினைப்புனத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம்தான் கூட்டம் காத்திருக்கிற இடம். அவள் புராணத்திலிருந்து ஒரு கேள்வி போடுவாள், இவர் பாட்டாகவே பதில் சொல்லி எதிர்க்கேள்வி போடுவார். எழுதிவைத்த தர்க்கம் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். அதற்குமேல் இரண்டு கலைஞர்களும் தங்கள் சொந்தப் படிப்பிலிருந்து எடுத்து வீசத் தொடங்குவார்கள். ஆர்மோனியக்காரர் கண்ணை எடுக்காமல் ராஜபார்ட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்த ராகத்துக்குத் தாவப் போகிறார் என்று அவருக்கும் முன்கூட்டித் தெரியாது. மிருதங்கக்காரர் பாட்டின் முடிவை ஊகித்து அடியை வைப்பார். கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் மனப்பாடம், தப்பினால் உடனே சொல்லிவிடுவார்கள். இந்த நெருக்கடியில் நின்று பாடிப் பேசி ஜெயிக்கிறவருக்குத்தான் 'ராஜ' என்ற பட்டம் தங்குகிறது.

குரல் இன்னொரு தகுதி. மைக் வராத காலத்தில் ஐந்து கட்டைக்கு மேல் சுருதி வைத்துக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும்போது அதுவரை கட்டிய பார்ட்டும் போய்விடும். பிறகு குரல் எப்படித் திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பையனின் தொழில். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அந்த உச்சக் குரலால்தான் ராஜபார்ட் என்ற சொல்லுக்கே இலக்கணம் ஆனார். 1926-இல் கொழும்பில் கே.பி. சுந்தராம்பாளோடு மேடையேறி, 1933-இல் தம் 27-ஆம் வயதிலேயே மறைந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் பவளக்கொடி நாடகத்தில் ராஜபார்ட்டாகப் பேர் வாங்கித்தான் 1934-இல் அதே கதையோடு திரைக்குப் போனார்.

ஆனால் ராஜபார்ட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ்தான். சிவகாசியில் 1886-இல் பிறந்தவர். முடிதிருத்தும் மருத்துவர் சமூகம் என்பதால் அவரோடு மேடையேற மறுத்தவர்கள் உண்டு. புராண நாடகத்துக்குள்ளேயே சுதந்திரப் போராட்டப் பாடல்களைப் பாடி, மேடையிலேயே கைதாகிப் பலமுறை சிறை போனவர். வேலன் வேடத்தில் வெள்ளைக்காரக் கொக்கைத் தினைப்புனத்திலிருந்து விரட்டுகிற பாட்டை அவர் எடுத்தால் கொட்டகையில் இருக்கிற போலீசுக்கும் பொருள் புரியும், கூட்டத்துக்கும் புரியும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்த மனிதர், மேடையில் எந்த இடத்தில் இருந்தார்! 'ராஜபார்ட்' என்ற சொல்லை வெறும் கலப்புச்சொல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராததற்கு அவரும் ஒரு காரணம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? வழக்கமாக வைக்கப்படும் மாற்று 'கதாநாயகன்'. அது வடமொழி என்பதைவிடப் பெரிய குறை, அது கதையைச் சேர்ந்த சொல் என்பது. கதை முடிந்தால் கதாநாயகன் முடிந்தான். ராஜபார்ட்டோ மறுநாள் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார். 'அரசவேடம்' ஏன் பொருந்தாது என்று மேலே பார்த்தோம். 'பார்ட்' என்பதை மட்டும் பெயர்த்தால் பங்கு, பாகம் என்று வரும், மேடையில் அது ஒலிக்காது.

வடக்கே காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில் இதற்கு நேரான சொல் முன்பே இருக்கிறது: கட்டை வேஷம். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்து ஆடும் தலைமை வேடங்கள் அவை. துரியோதனன், கர்ணன், அருச்சுனன் எல்லாம் கட்டை வேஷம். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், யார் கட்டை வேஷக்காரர், யார் பெண் வேஷக்காரர், யார் கட்டியக்காரர் என்பது தெளிவாக இருக்கும். இசை நாடகம் ஆங்கிலச் சொல்லால் பிரித்துக்கொண்ட அதே இடங்களைக் கூத்து தன் சொற்களாலேயே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் மரக்கட்டை அணியாத மதுரை மேடைக்கு அந்தப் பெயரைத் தூக்கி வைக்க முடியாது. (சுருதிக்குச் சொல்லும் கட்டை வேறு, இந்தக் கட்டை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கலைஞரைக் குறிக்க இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவருக்கு நாளொன்றுக்குத் தூணி நெல் வழங்கியதைச் சொல்கிறது. மூன்று தூணி ஒரு கலம்; ஆண்டுக்கு 120 கலம். விசயராசேந்திர ஆசாரியன் என்ற பட்டமும் அவர் பெயரோடு சேர்ந்து வருகிறது. அங்கே 'கூத்தன்' என்பது தொழிற்பெயர், மதிப்புப் பெயர். அதை வைத்துத் 'தலைக்கூத்தர்' என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் ராஜபார்ட்டை மட்டும் குறிக்காமல் குழுத்தலைவரையும் குறித்துவிடும். 'தலைக்கோலி' என்பதோ ஆடல் மகளிர் பெற்ற பட்டம், அதைத் தொடவே கூடாது.

ஆகவே என் பரிந்துரை: வேடத்துக்குத் 'தலைவேடம்', கலைஞருக்குத் 'தலைவேடக்காரர்'. வேஷக்காரர் என்பது கூத்து வழக்கில் உயிரோடு இருக்கிற சொல். 'தலை' முன்னால் வந்தால் தலைமை தானே விளங்குகிறது. ஸ்திரீபார்ட்டுக்குத் 'தலைப்பெண் வேடம்' என்றோ 'தலைவி வேடம்' என்றோ எழுதலாம். எனக்குப் பின்னதே பிடித்திருக்கிறது, அகப்பாடல் தலைவியின் சாயல் வள்ளிக்கு நன்றாகப் பொருந்தும். பபூனுக்குக் கோமாளி போதும். சிலப்பதிகாரம் காட்டும் 'நகைவேழம்பர்' இருக்கிறதே என்பார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு ஆகும், நோட்டீஸுக்கு ஆகாது.

இந்த மாற்றுச்சொற்களைப் பாடநூலிலும் அகராதியிலும் கட்டுரையிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு கலைஞரின் பெயருக்கு முன்னால் இருக்கிற 'ராஜபார்ட்' மட்டும் அப்படியே இருக்கட்டும். அது அவர் இரவெல்லாம் பாடிச் சம்பாதித்த பட்டம், அதைத் தமிழ்ப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. அகராதியில் பதிவு இப்படி இருக்கலாம்: ராஜபார்ட், பெயர்ச்சொல். 1. இசை நாடகத்தில் தலைமை ஆண் வேடம், தலைவேடம். 2. அவ்வேடத்தைத் தொழிலாக ஏற்கும் கலைஞர், தலைவேடக்காரர். 3. பேச்சு வழக்கு: மிடுக்கான தோற்றம் உடையவர்.