போல்ட் நுழைகிறது, ஜாப் மட்டும் ரிஜெக்ட்

கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. மோனோபிளாக் பம்பின் காஸ்டிங்கில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டில்) நான்கு துளை, ஒவ்வொன்றும் 13.5 மி.மீ. உள்ளே போவது 12 மி.மீ. போல்ட். துளையின் மையம் இடவலமாக ±0.5, மேல்கீழாக ±0.5 வரை நகரலாம் என்றது டிராயிங். ஒரு ஜாப்பில் ஒரு துளை வலப்பக்கம் 0.6 தள்ளிப்போயிருந்தது, மேல்கீழில் அட்சரம் பிசகவில்லை. வாங்குகிற கம்பெனி ரிஜெக்ட் செய்துவிட்டது. பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார்: "போல்ட்டு போகுதுங்களே, அப்புறம் எதுக்குங்க ரிஜெக்ட்?"

கேள்வி நியாயமானதுதான். அதே லாட்டில் பாஸான இன்னொரு ஜாப்பில் துளை வலப்பக்கம் 0.48, மேலே 0.49 நகர்ந்திருந்தது. குறுக்காகக் கணக்குப் போட்டால் மையத்திலிருந்து 0.69 மி.மீ. அதிகம் தள்ளிப்போனது பாஸ், குறைவாகத் தள்ளிப்போனது ரிஜெக்ட்!

கோளாறு ப்ளஸ் மைனஸ் போடும் முறையில் இருக்கிறது. இரண்டு திசையிலும் ±0.5 என்றால் துளையின் மையத்துக்கு நாம் கொடுக்கும் இடம் ஒரு சதுரம். போல்ட்டோ உருண்டை, அதற்கு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒன்றுதான். மூலையில் 0.7 வரை ஒத்துக்கொள்கிறவர்கள் நேர்ப்பக்கத்தில் 0.5-க்கு மேல் கூடாது என்பதற்குக் காரணமே இல்லை. சதுரத்தின் நான்கு மூலையையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் சுமார் 1.4 மி.மீ., பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். நல்ல ஜாப்கள் பழைய இரும்புக்குப் போவது இந்த இடைவெளியில்தான். ஸ்காட்லாந்தில் ஒரு டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் இதைக் கவனித்துத்தான், இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, வட்ட எல்லையை முன்வைத்தார். டாலரன்ஸ் என்றால் அளவில் அனுமதிக்கும் விலகல்; இடத்தையும் வடிவத்தையும் இப்படி எல்லை போட்டுச் சொல்லும் இன்றைய ஜியோமெட்ரிக் டாலரன்ஸுக்கு விதை அது.

இதில் இன்னொரு சலுகையும் உண்டு. 13.5 என்பது துளையின் குறைந்தபட்ச அளவு. அந்த அளவில் 1.4 என்று டிராயிங்கில் வட்டத்துக்குள் எம் குறி போட்டுக் கொடுத்தால், துளை 13.8-ஆகப் பெரிதாகும்போது டாலரன்ஸும் 1.7-ஆக வளரும். துளை பெருத்தால் போல்ட்டுக்கு இடமும் கூடுமில்லையா, அதுதான் கணக்கு. எங்கிருந்து அளப்பது என்ற சண்டையும் தீரும். காஸ்டிங்கின் கரடுமுரடான ஓரத்தில் வெர்னியர் வைத்தால் ஆளுக்கொரு அளவு வரும். கடைந்த முகமும் நடுப் போரும்தான் (நடுவில் கடைந்த துளை) டேட்டம், அதாவது அளவெடுக்கத் தொடங்கும் இடம் என்று எழுதிவிட்டால் எல்லோரும் அங்கிருந்தே அளப்பார்கள்.

அதற்காக டிராயிங் முழுக்கப் பெட்டி பெட்டியாக ஜியோமெட்ரிக் குறி போடுவதும் வீண் வேலை. தடிமன், சேம்ஃபர் (முனையில் சீவிய சரிவு), சும்மா நிற்கும் ஓரத்தின் நீளம் இதற்கெல்லாம் ப்ளஸ் மைனஸ் போதும். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் விட்டத்துக்கும் அதுவே சரி: 25 மி.மீ. பேரிங்குக்கு கே6 என்ற டாலரன்ஸ் குறியீடு என்றால் 25.002 முதல் 25.015 வரை, மைக்ரோமீட்டர் இருந்தால் முடிந்தது. ஆனால் இரண்டு பேரிங் இடமும் அளவில் சரியாக இருந்து, ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால்? பம்ப் இரையும், பேரிங் சூடாகும். அங்கே ரன் அவுட், அதாவது சுற்றும்போது எவ்வளவு ஆடலாம் என்ற எல்லை, கேட்டே ஆக வேண்டும். ஐ.எஸ்.ஓ. முறையில் விட்டத்தின் டாலரன்ஸ் தனியாக ஷாஃப்டின் நேர்த்தன்மையைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்க முறையில் கட்டுப்படுத்தும். எந்த முறை என்று டிராயிங்கின் மூலையில் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

ஜியோமெட்ரிக் என்றதும் லட்சக்கணக்கில் சி.எம்.எம். என்ற அளவெடுக்கும் மெஷின் வாங்கணுமே என்று பயப்படுகிறார்கள். இந்த ஃபிளாஞ்சுக்கு அது தேவையில்லை. 13.5-இல் 1.4-ஐக் கழித்தால் 12.1. நடுப் போரில் உட்காரும் ஒரு கட்டை, அதைச் சுற்றிச் சரியான இடத்தில் 12.1 மி.மீ.-இல் நான்கு பின், இவற்றை ஒரு பிளேட்டில் நட்டால் கேஜ் தயார். துளை 13.5-க்குக் குறையவில்லை என்று பிளக் கேஜில் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் உருளையில்) தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மற்ற மூன்று துளையும் சரியாக இருந்தால், 0.6 தள்ளிப்போன அந்த ஜாப் இந்தக் கேஜில் தடங்கலில்லாமல் இறங்கி உட்காரும்.