பால் சுறாவும் ‘பாஸ்’ ஆன ரிப்போர்ட்டும்

போன வாரம் ஒரு தம்பி எங்கள் ஆய்வுக்கூட வாசலில் நின்றுகொண்டு போன் செய்தார். மனைவிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறதாம். மாமியார் தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்துவிட்டார். மனைவியோ பாதரசம் பற்றி எங்கோ படித்துவிட்டு, தொடவே மாட்டேன் என்கிறார். “அக்கா, மஞ்சள் போட்டு மூணு தண்ணி கழுவி, வேகவச்ச தண்ணியையும் கொட்டிட்டாங்க. நீங்க டெஸ்ட் எடுத்து பாஸ்னு எழுதிக் கொடுத்தா சண்டை தீர்ந்துடும்.” கையில் பிளாஸ்டிக் டப்பாவில் புட்டு. வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தாளித்தது.

இப்படி வருகிற முதல் ஆள் இவர் இல்லை. அதனால்தான் கொஞ்சம் எரிச்சலோடு இதை எழுதுகிறேன்.

கழுவினால் பாதரசம் போகாது. மஞ்சளுக்கும் போகாது, புளிக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. மீனில் இருப்பது பெரும்பாலும் மீதைல் பாதரசம். அது தோலிலோ கொழுப்பிலோ ஒட்டியிருப்பதில்லை, சதையின் புரதத்தோடேயே பிணைந்திருக்கிறது. நாங்கள் சோதிக்கும்போது அரை கிராம் மீனை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, மூடிய குப்பியில் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறோம். மீன் இருந்த அடையாளமே இல்லாமல் தெளிந்த நீராகிவிடும். பாதரசம் மட்டும் அப்படியே இருக்கும். இருப்பதால்தான் கருவியில் அளக்கவே முடிகிறது. நைட்ரிக் அமிலத்துக்கே அழியாதது உங்கள் மஞ்சள் தூளுக்கா பயப்படும்?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. சுறாவின் சதையில் யூரியா நிறைய. மீன் செத்தபின் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலுரித்து, தண்ணீரைப் பிழிந்தால் அந்த வாடை போய்விடும். வாடையோடு விஷமும் போனது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் நடப்பது நேர்மாறு. தண்ணீர் வெளியேறியதால் ஒரு கிராம் புட்டில் உள்ள பாதரசம் ஒரு கிராம் பச்சை மீனில் இருந்ததைவிட அதிகம். பாலைச் சுண்டக் காய்ச்சினால் இனிப்பு கூடுமா குறையுமா? சுறாக் கருவாட்டுக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்து, ‘பாஸ்’. சிங்கப்பூர் சாப்பிடுவதில் பெரும்பகுதி இறக்குமதி. சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துச் சோதிக்கிறது, வரம்பு தாண்டிய சரக்கை விற்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் வரம்பு என்பது ஒரு சரக்கு சந்தைக்கு வரலாமா கூடாதா என்பதற்கான கோடு. தினமும் சாப்பிடலாம் என்ற அனுமதிச் சீட்டு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவில் வளரும் குழந்தையை மனதில் வைத்து, உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003இல் சொன்ன அளவு இது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மீதைல் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சுறாவின் சராசரி, கிலோவுக்கு 0.979 மில்லிகிராம். அதில் 100 கிராம் சாப்பிட்டால் ஏறக்குறைய 98 மைக்ரோகிராம். ஒரு வேளைப் புட்டிலேயே ஒரு வாரத்து அளவு தீர்ந்துவிட்டது. இத்தனைக்கும் உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2018இல் சுறாவுக்கு வைத்த வரம்பு, கிலோவுக்கு 1.6 மில்லிகிராம். அதாவது இந்தச் சுறா பாஸ்!

அதே பட்டியலில் மத்தியின் சராசரி 0.013. இறால் 0.009. நெத்திலி 0.016.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள், சின்னப் பிள்ளைகள்: சுறா, வாள்மீன், மர்லின் வேண்டாம். தாய்ப்பாலில் போவதைவிட நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போவதுதான் அதிகம். உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஐம்பது நாள் அளவுக்கு ஆகும், ஆகையால் கர்ப்பம் உறுதியான பிறகு நிறுத்துவது தாமதம். வஞ்சிரமும் மற்ற மீனைத் தின்று வளர்கிற மீன்தான், தினமும் வேண்டாம், பெரிய மீனின் துண்டைவிடச் சின்ன மீனாகப் பார்த்து வாங்குங்கள். டின் டூனா வாங்கினால் ஸ்கிப்ஜாக் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அல்பகோர் வகையில் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பாதரசம்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மீனையே நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீன் வேண்டும். மாமியாரிடமும் சண்டை வேண்டாம். அவர் அக்கறையாகத்தான் செய்கிறார், மத்திக் குழம்பு வைக்கச் சொன்னால் அதையும் அக்கறையாகவே வைப்பார்.

சுத்தம் செய்வது உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று உண்டு: காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம். கணவாயிலும் நண்டிலும் அது ஈரல், குடல் பகுதியில்தான் சேரும். கணவாயின் உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிடுங்கள். நண்டு ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறப் பகுதியை வழித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டாதீர்கள்.

இன்னொன்று. இறால் ரிப்போர்ட்டில் ஆர்செனிக் அளவைப் பார்த்து அலறிக்கொண்டு வருகிறவர்களுக்கு: அது எல்லா வடிவங்களையும் சேர்த்த மொத்த ஆர்செனிக். கடல் உணவில் இருப்பது பெரும்பாலும் ஆர்செனோபீட்டைன் என்ற வடிவம், கெடுதல் செய்யாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். பார்க்க வேண்டியது நச்சு வடிவமான கனிம ஆர்செனிக். அதைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும், செலவும் கூடும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் சோதித்தே தீர வேண்டும் என்றால் பச்சை மீனாக, சுத்தமான பையில், ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். எந்த மீன், எங்கே வாங்கியது என்று எழுதுங்கள். வருகிற எண் அந்த ஒரு மீனுக்கு மட்டும்தான், அடுத்த வாரம் அதே கடையில் வாங்குவதற்கு இல்லை. தாளித்த புட்டு, குழம்பு, வறுவல் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டோம்.