‘ஒண்ணும் இல்லக்கா’ என்று பதில் வந்தால்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும் வாரம்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய வாரம். அதுவரை வாட்ஸ்அப்பில் ஓயாமல் சந்தேகம் கேட்ட பெண் திடீரென்று அமைதியாகிவிடுவாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டால், “ஒண்ணும் இல்லக்கா.” பெரும்பாலும் கணக்குத் தேர்வில் தோற்று அரியர் விழுந்திருக்கும்.

துரைப்பாக்கத்தில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே, அரசுப் பள்ளியில் படித்து இன்ஜினீயரிங் சேர்ந்த மாணவிகளுக்கு இணையவழியில் வழிகாட்டி வருகிறேன். 2021 முதல் இவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்லூரி, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. பெரிய உதவிதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள், மேட்ரிக்ஸ் பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு ‘இது நமக்கு வராது போல’ என்று ஒதுங்குகிறாளே, அதற்குப் பணம் மட்டும் போதாது. வீட்டில் யாரிடம் கேட்பாள்? அவள்தான் முதல் பட்டதாரி.

நீங்களும் இப்படி வழிகாட்ட நினைத்தால், பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். அமெரிக்காவில் 1997-லேயே மென்டார்நெட் என்ற அமைப்பு, பொறியியல் மாணவிகளைத் துறையில் இருப்பவர்களோடு வெறும் மின்னஞ்சலில் இணைத்தது.

கேமராவை ஆன் செய்யச் சொல்லாதீர்கள். கண்ணகி நகரில் ஒற்றை அறை வீடு, பின்னால் டிவி ஓடும், அம்மா சமைத்துக்கொண்டிருப்பார். வாய்ஸ் நோட் போதும். லேப்டாப் இல்லாத ஒரு மாணவி பைத்தான் நிரலை நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பினாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்புக்குள் இருக்க வேண்டிய, விடையைக் காட்டும் பிரின்ட் வரி இடது ஓரத்தில் ஒட்டி நின்றது. பத்து விடை வர வேண்டிய இடத்தில் கடைசி விடை மட்டும்தான் வரும். “அந்த வரியை நாலு இடம் தள்ளி எழுதும்மா” என்றேன். அப்புறம் இணையத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாபைப் போனிலேயே திறந்து அவளே ஓட்டிக் காட்டினாள்.

அரியர் விழுந்தால் ஆறுதல் சொல்வதோடு நிறுத்தாமல், விடைத்தாள் நகல் வாங்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கச் சில நாள்தான் கெடு. அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. நகலைச் சேர்ந்து பார்த்தால், பாடமே புரியவில்லையா, நேரம் போதவில்லையா என்று தெரிந்துவிடும். மறுமதிப்பீடு கேட்கலாமா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

மாணவியின் அம்மாவிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ‘ராத்திரியில யார்கூட சாட்?’ என்ற ஒரு கேள்வியில் எல்லாமே நின்றுபோகும். வழிகாட்டி ஆண் என்றால், இன்னொரு பெண்ணும் இருக்கும் குழுவில் பேசுவதே சரி.

வேலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாரம் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதென்றால் இதில் இறங்கவே வேண்டாம். பாதியில் காணாமல்போகும் அக்காவைப் பார்த்து, தன்னிடம்தான் ஏதோ குறை என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள்.